பிரம்பும் புல்தரையும்

கார்களுக்குப் பெயின்ட் அடித்த ஒரு பையனுக்காக இரண்டு நாட்டு அதிபர்கள் தலையிட நேர்ந்தது 1994ஆம் ஆண்டில். மைக்கேல் ஃபே என்ற 18 வயது அமெரிக்க மாணவன் சிங்கப்பூரில் பெற்றோருடன் இருந்தவன். 1993 செப்டம்பரில் அங்கே நிறுத்தியிருந்த பல கார்கள்மீது யாரோ ஸ்பிரே பெயின்ட் அடித்தார்கள், முட்டை எறிந்தார்கள். போலீஸ் அவனைப் பிடித்து ஐம்பதுக்கும் மேற்பட்ட குற்றச்சாட்டுகளைச் சுமத்தியது. சிலவற்றை அவன் ஒப்புக்கொண்டான். வற்புறுத்தியதால்தான் ஒப்புக்கொண்டேன் என்று பிறகு சொன்னான். நான்கு மாதச் சிறை, 3,500 சிங்கப்பூர் வெள்ளி அபராதம், ஆறு பிரம்படி என்று தீர்ப்பானது. அமெரிக்க அதிபர் கிளிண்டன் கருணை காட்டும்படி கேட்டார். சிங்கப்பூர் அதிபர் ஓங் டெங் சியோங் ஆறை நான்காகக் குறைத்தார். மே 5 அன்று அந்த நான்கு அடியும் விழுந்தன.

அமெரிக்காவே கொதித்துப்போனது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அமெரிக்கர்களில் கணிசமானோர் அடி சரிதான் என்று சிங்கப்பூர்த் தூதரகத்துக்குக் கடிதம் எழுதினார்கள். சுவரில் கிறுக்கும் சிறுவர்களை மரப்பலகையால் அடிக்கலாம் என்று கலிஃபோர்னியா சட்டமன்றத்தில் ஓர் உறுப்பினர் மசோதாவே கொண்டுவந்தார்; 1996இல் அது தோற்றது. நம் பக்கத்திலும் நிறுத்திய காரில் யாராவது சாவியால் கோடு கிழித்துவிட்டுப் போனால், வீட்டுச் சுவரைப் பாழாக்கினால், “சிங்கப்பூர் மாதிரி நாலு போட்டால் சரியாகிவிடும்” என்ற பேச்சு தானாக வந்துவிடுகிறது.

இந்த நம்பிக்கை சிங்கப்பூரைப் பாதிதான் பார்த்திருக்கிறது என்பது என் துணிபு. மறுபாதியைக் காண, இதே தொல்லையில் பல ஆண்டு மூழ்கிக் கிடந்து, பிரம்பு இல்லாமல் வேறு வழி தேடிய ஓர் ஊரைச் சிங்கப்பூருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. அதற்குப் பிலடெல்பியாவைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை. இன்றைய பாணிச் சுவர்க் கிறுக்கல் பிறந்த ஊர் என்று பலர் அதைத்தான் காட்டுகிறார்கள். 1960களில் ‘கார்ன்பிரெட்’ என்ற பட்டப்பெயரை ஊரெங்கும் எழுதித் தள்ளிய பையன் அந்த ஊர்க்காரன்.

முதலில் சிங்கப்பூர்ச் சட்டம். அது கார்களையோ வீடுகளையோ மனத்தில் வைத்து எழுந்த சட்டமன்று. 1966இல், நாடு தனியாகி ஓராண்டுதான் ஆகியிருந்தது. எதிர்க்கட்சியான பாரிசான் சோசலிஸைச் சேர்ந்தவர்கள் வியட்நாம் போரை எதிர்த்துச் சுவர்களில் முழக்கங்கள் எழுதிக்கொண்டிருந்த காலம். அந்தக் கைகளை நிறுத்த வந்ததே இச்சட்டம். ஆய்வாளர் ஜோதி ராஜா 2012இல் வெளியிட்ட நூலில் இந்த அரசியல் பின்னணியை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அன்று வகுத்த தண்டனை: அபராதம் 2,000 வெள்ளி வரை அல்லது சிறை மூன்றாண்டு வரை. அதோடு மூன்று முதல் எட்டுப் பிரம்படி. சட்டத்தில் ஒரு நுணுக்கமும் இருந்தது. பென்சில், கிரேயான், சாக்கட்டி போன்று அழிக்கக்கூடியதால் எழுதியவனுக்கு முதல் தடவை அடி கிடையாது. பெயின்ட், தார் என்று அழியாததைத் தொட்டவனுக்கு முதல் தடவையே அடி. பெண்களுக்கும் ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்களுக்கும் பிரம்பு இல்லை. அரசியல் முழக்கத்துக்காக வடித்த இந்தச் சட்டம் கால் நூற்றாண்டு கழித்து ஒரு பள்ளி மாணவன்மீது பாய்ந்தபோதுதான் உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது.

பிரம்பு பயமுறுத்துகிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் பயம் எந்த இடத்தில் நின்றுபோகிறது என்பதையும் சிங்கப்பூரே காட்டியிருக்கிறது. உரிமம் இல்லாமல் வட்டிக்கு விடுகிறவர்களை அங்கே ‘ஆ லோங்’ என்பார்கள். தவணை தவறினால் அவர்கள் அனுப்பும் ஆள் இரவில் வருவான். வாசற்கதவில் சிவப்புப் பெயின்டை விசிறுவான், கம்பிக் கதவுக்கு வெளியிலிருந்து பூட்டுப் போடுவான், படிக்கட்டுச் சுவரில் மார்க்கர் பேனாவால் கடன்காரரின் வீட்டு எண்ணையும் ‘கடன்பட்டாய், பணத்தைக் கட்டு’ என்பதன் ஆங்கிலச் சுருக்கத்தையும் எழுதிவிட்டுப் போவான். சில சமயம் கடனுக்குச் சம்பந்தமே இல்லாத அண்டை வீட்டுக் கதவிலும் பெயின்ட் விழும். அந்த வீட்டார் கடன்காரரை நெருக்குவார்கள் என்பது கணக்கு. காலையில் கதவைத் திறக்கும் ஒரு மூதாட்டிக்குத் தன் வாசலில் ஏன் சிவப்பு வழிகிறது என்றே தெரியாது. ஒரு குடியிருப்பில் வீட்டுக்கு நேரும் சேதங்களில் இதைவிடக் கொடியதை நினைத்துப் பார்ப்பது கடினம்.

இதற்கும் சிறை உண்டு, பிரம்பு உண்டு. 2010இல் சட்டத்தை இன்னும் இறுக்கினார்கள். அப்படியிருந்தும் ஆட்கள் கிடைத்துக்கொண்டே இருந்தார்கள். காரணம் எளிது. பெயின்ட் வாளியோடு வருகிறவனும் பல சமயம் அதே ஆ லோங்கிடம் கடன்பட்டவன்தான். கட்ட முடியாத வட்டிக்குப் பதிலாக இந்த வேலையைச் செய்யச் சொல்லி அனுப்பியிருப்பார்கள். நீதிமன்றத்துப் பிரம்பு எங்கோ இருக்கிறது, கடன் கொடுத்தவன் அவன் வீட்டு முகவரியைக் கையில் வைத்திருக்கிறான். எதற்கு அஞ்சுவான்? கதவுகள் தப்ப வேறொன்றும் தேவைப்பட்டது. 2012 முதல், அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய புளோக்குகளின் கீழ்த்தளத்திலும் மின்தூக்கிக் கூடத்திலும் போலீஸ் கேமராக்களைப் பொருத்தத் தொடங்கினார்கள். 2016க்குள் ஏறத்தாழ 10,000 புளோக்குகளிலும் பலமாடிக் கார் நிறுத்துமிடங்களிலும் அவை வந்துவிட்டன. வருகிறவன் முகம் பதிவாகும் என்றானதும் அவனை அனுப்புகிறவனுக்கும் கை தயங்கியது.

கேமராவுக்கு முன்பே அங்கே இருந்தவற்றைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். சிங்கப்பூரில் வசிப்போரில் ஏறத்தாழ எண்பது விழுக்காட்டினர் வீவக வீடுகளில் இருக்கிறார்கள். 1989 முதல் இந்தக் குடியிருப்புகளின் பொது இடங்களை நகர மன்றங்கள் பார்த்துக்கொள்கின்றன. ஒவ்வொரு வீட்டாரும் மாதக் கட்டணம் செலுத்துகிறார்கள். நடைபாதை கழுவுவது, விளக்கு மாற்றுவது, மின்தூக்கியைப் பழுதுபார்ப்பது, புல் வெட்டுவது, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புளோக் முழுதும் புதிதாகச் சாயம் பூசுவது எல்லாம் அதில் அடங்கும். வசிப்போர் குழுக்கள் 1978 முதலே உண்டு. ஜப்பானியச் சிறு காவல் நிலையங்களைப் பார்த்து, 1983இல் தோ பாயோவில் முதல் அக்கம்பக்கக் காவல் நிலையத்தைத் திறந்தார்கள். பழைய புளோக்குகளில் வீட்டு வாசல்கள் நீண்ட பொது நடைபாதையை நோக்கித் திறப்பவை. செருப்பு அடுக்கும் பூந்தொட்டியும் துணி உலர்த்தும் மூங்கில் கழியும் அங்கேதான். நாலு பேர் கடந்துபோகும் வழி. ஒரு கிறுக்கல் விழுந்தால் அதைக் கண்டவருக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று தெரியும். துடைக்க ஆள் வரும். அதாவது உரிமையாளன் இல்லாத ஓர் அடி நிலம்கூட அந்த ஊரில் இல்லை. ஃபே வழக்கைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் பிரம்பை அளந்தார்கள், துடைப்பத்தை யாரும் அளக்கவில்லை.

கண் தவறிய இடத்தில் அதே சிங்கப்பூரிலும் பிரம்பு உதவவில்லை. 2010இல் ஒரு சுவிட்சர்லாந்துக்காரர் சாங்கி ரயில் பணிமனை வேலியை வெட்டி உள்ளே புகுந்து ஒரு ரயிலின்மீது பெரிதாகப் பெயின்ட் அடித்தார். விளம்பரம் போலும் என்று ஊழியர்கள் விட்டுவிட, அந்த ரயில் பயணிகளோடு ஓடியது. பிடிபட்ட பிறகு சிறையும் மூன்று அடியும் கிடைத்தன. வேலியைக் காவல் காக்க வேண்டிய நேரத்தில் தண்டனை எங்கும் இல்லை.

இனி பிலடெல்பியா. 1950இல் இருபது லட்சத்துக்கும் மேல் மக்கள் இருந்த ஆலை நகரம். ஆலைகள் மூடின, வேலை போனது, பல லட்சம் பேர் வெளியேறினார்கள். ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று காலியாகும், கூரை ஒழுகும், இடியும், அல்லது இடிக்கப்படும். மிஞ்சுவது முள்ளும் குப்பையும் மண்டிய வெற்று மனை. இப்படி ஏறத்தாழ 40,000 மனைகள் சேர்ந்தன. வரி கட்டாமல் ஓடிப்போன உரிமையாளர்கள், செத்துப்போனவர்கள், பெயர் மட்டும் உள்ள நிறுவனங்கள் என்று சொத்துப் பதிவேட்டில் யார்யாரோ இருப்பார்கள். நேரில் வருபவர் எவரும் இல்லை. கைவிட்ட கார்களும் தெருவெங்கும். 2000ஆம் ஆண்டில் மேயர் ஜான் ஸ்ட்ரீட் அவற்றை அப்புறப்படுத்தக் கிளம்பியபோது, 40 நாட்களில் 30,000க்கும் மேற்பட்ட கார்களை இழுத்துச் சென்றார்கள். எந்தக் குடியிருப்பில் உங்கள் கார் பத்திரமாக இருக்கும் என்ற கேள்விக்கு இந்த எண்ணே பாதி விடை.

கிறுக்கலை எதிர்த்து 1984இல் மேயர் வில்சன் கூட் ஓர் அமைப்பைத் தொடங்கினார். இனி எழுத மாட்டேன் என்று கையெழுத்திட்டால் பழைய குற்றம் மன்னிக்கப்படும்; அந்தப் பையனைக்கொண்டே சுவரைச் சுத்தம் செய்யவைத்து வேலையும் கொடுப்பார்கள். ஜேன் கோல்டன் என்ற ஓவியரை அமர்த்தி, அந்தப் பையன்களோடு சுவர்ச்சித்திரம் தீட்டவைத்தார்கள். 1996இல் அது தனித் திட்டமாக வளர்ந்தது. இதுவரை நான்காயிரத்துக்கும் மேற்பட்ட சுவர்ச்சித்திரங்கள். ஒரு படம் எழும் விதத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். முதலில் அந்தத் தெருவாரைக் கூட்டி என்ன வரையலாம் என்று கேட்கிறார்கள். சில கூட்டங்களில் சண்டையும் நடக்கும். ஓவியம் முடிவானதும் அதைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, மெல்லிய பாராசூட் துணியில் கோடு போட்டு, எந்தக் கட்டத்துக்கு எந்த நிறம் என்று எண்ணிட்டுக் கொடுக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் வகுப்பறையில் தீட்டலாம். சிறையில் இருப்பவர்களும் தீட்டியிருக்கிறார்கள். பிறகு துணித் துண்டுகளைச் சுவரில் ஒட்டி இணைக்கிறார்கள். சாரத்தில் ஏற முடியாத பாட்டிக்கும் அந்தச் சுவரில் தன் கைவண்ணம் என்று காட்ட ஓரிடம் இருக்கும். அப்படிப்பட்ட சுவரில் கிறுக்கல் அரிதாகவே விழுகிறது என்று திட்டத்தார் சொல்கிறார்கள். நம்பக்கூடியதே, அதில் கிறுக்குகிறவன் தன் தம்பியின் வேலையைக் கெடுக்கிறான்.

ஆனால் சித்திரத்தைவிடப் புல்தரை என்னை அதிகம் கவர்ந்தது, அது அளந்து பார்க்கப்பட்ட வேலை என்பதால். பென்சில்வேனியா தோட்டக்கலைச் சங்கம் நகராட்சியோடு சேர்ந்து வெற்று மனைகளைத் திருத்துகிறது. செய்முறையில் மாயம் ஒன்றும் இல்லை. குப்பையை அள்ளுவார்கள், நிலத்தைச் சமன் செய்து மேல்மண் போடுவார்கள், புல் விதைப்பார்கள், சில மரக்கன்றுகள் நடுவார்கள். சுற்றிலும் இடுப்புக்கும் கீழே நிற்கும் மரவேலி. குப்பை லாரி உள்ளே நுழைய முடியாது. மனிதர் நுழைய வழி இருக்கும். பிறகு பருவம் முழுக்க ஆள் வந்து புல் வெட்டிச் செல்வார். 2018 வாக்கில் ஒரு மனைக்கு ஏறக்குறைய 1,600 டாலர் செலவானது.

சார்லஸ் பிரனாஸ் தலைமையிலான ஆய்வாளர்கள் இதைப் பத்தாண்டுத் தரவைக்கொண்டு ஆராய்ந்து 2011இல் எழுதினார்கள். நகரின் நான்கு பகுதிகளிலும் துப்பாக்கித் தாக்குதல் குறைந்திருந்தது. சொத்துச் சேதமோ ஒரே ஒரு பகுதியில்தான் தெளிவாகக் குறைந்திருந்தது. இதைப் பலர் சொல்லாமல் விடுகிறார்கள், நான் சொல்லியாக வேண்டும். பிறகு மருந்தைச் சோதிப்பதுபோல், 541 மனைகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சிலவற்றைத் திருத்தியும் சிலவற்றை அப்படியே விட்டும் பார்த்தார்கள். 2018இல் முடிவு வந்தது. திருத்திய மனைகளுக்கு அருகில் வசித்தவர்கள், சுற்றுப்புறத்தில் தாம் காணும் சொத்துச் சேதம் 39 விழுக்காடு குறைந்ததாகச் சொன்னார்கள். வெளியே வந்து அண்டையாரோடு நேரம் கழிப்பது 76 விழுக்காடு கூடியது. வறுமை மிகுந்த பகுதிகளில், போலீஸ் பதிவேட்டின்படியே வீடு புகுந்து திருடுவது ஏறத்தாழ 22 விழுக்காடும் துப்பாக்கி வன்முறை 29 விழுக்காடும் குறைந்தன. முதல் இரண்டு எண்களும் மக்கள் சொன்னவை, போலீஸ் கணக்கல்ல. அந்த வேறுபாட்டை மறைக்கக் கூடாது. ஆயினும் குலுக்கல் முறையில் இவ்வளவு தெளிவான விடை இத்துறையில் அரிது. சிங்கப்பூர்ப் பிரம்படியை எவரும் இப்படிச் சோதித்ததில்லை, சோதிக்கவும் முடியாது.

இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு பழைய காரை நிறுத்திப் பார்க்கலாம். 1969இல் உளவியலாளர் பிலிப் சிம்பார்டோ நம்பர் பிளேட்டைக் கழற்றி, பானட்டைத் திறந்துவைத்து ஒரு காரை நியூயார்க்கின் பிராங்க்ஸிலும் இன்னொன்றைக் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவிலும் விட்டார். பிராங்க்ஸ் காரை முதலில் நெருங்கியது அப்பா, அம்மா, பையன் என்று ஒரு குடும்பம். பத்து நிமிடத்துக்குள் ரேடியேட்டரும் பேட்டரியும் போயின. ஒரே நாளில் விலைபோகக்கூடிய எல்லாம் போய், பிறகு வெறும் உடைப்பு. பெரியவர்களில் பலர் நன்றாக உடுத்திய வெள்ளைக்காரர்கள். பாலோ ஆல்ட்டோ காரை ஒரு வாரத்துக்கு மேலாகியும் யாரும் தொடவில்லை. பிறகு சிம்பார்டோவே சம்மட்டியால் அடித்துத் தொடங்கிவைத்ததும் மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். 1982இல் ஜேம்ஸ் வில்சனும் ஜார்ஜ் கெல்லிங்கும் எழுதிய ‘உடைந்த சன்னல்’ கட்டுரை இந்தச் சோதனையைச் சான்றாக எடுத்துப் புகழ்பெற்றது. சின்னக் குற்றத்தையும் விடாமல் பிடி என்று அதைப் படித்தவர்கள் நியூயார்க்கில் ஆட்களைப் பிடித்தார்கள். எனக்கு அந்தக் கார் சொல்வது வேறு. உடைந்த சன்னலைப் பற்றிய கவலைக்கு நேரான விடை சன்னலை மாற்றுவது. ஆளைப் பிடிப்பது அதற்குப் பிறகு வரவேண்டியது. சிங்கப்பூர் இரண்டையும் செய்கிறது. பெயர் வாங்கியது ஒன்றுக்குத்தான்.

இரண்டு ஊரும் அடிப்படையில் பிரியும் இடம், உரிமையாளன் யார் என்ற கேள்வி. சிங்கப்பூரில் நிலத்துக்குப் பெரும்பாலும் ஒரே எசமான். அவன் கட்டினான், அவனே கேமரா வைப்பான், அவனே சாயம் பூசுவான். பிலடெல்பியாவில் நகராட்சி முதலில் எசமானைத் தேட வேண்டும், கிடைக்காவிட்டால் அந்த இடத்தில் தற்காலிகமாகத் தானே நிற்க வேண்டும். அந்த மரவேலி செய்வது இதைத்தான்: இங்கே ஒருவர் வந்துபோகிறார் என்று சொல்கிறது. ஆகவே பிலடெல்பியா வழியில் தெருவார் இல்லாமல் எதுவும் நடக்காது. அங்கே ஒவ்வொரு தெருத்துண்டுக்கும் ‘பிளாக் கேப்டன்’ என்று ஒருவரைத் தேர்ந்தெடுத்துச் சுத்தம் செய்யும் வழக்கம் 1960களிலிருந்து இருக்கிறது. சிங்கப்பூரில் தெருவார் தூங்கினாலும் நகர மன்றம் தூங்காது. நிர்வாகத் திறனில் அது பெரிய வசதி. அதற்கு விலையும் உண்டு. வாசலுக்கு வெளியே நடமாடும் ஒவ்வொருவரையும் அரசின் கண் பார்த்துக்கொண்டே இருக்கிறது. அந்தக் கண்ணைக் கதவில் பெயின்ட் விழுந்த வீட்டார் வரவேற்பார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் சுவரில் முழக்கம் எழுதியவனுக்காக வந்த சட்டம் அந்தக் கண்ணோடு சேர்ந்து இருப்பதையும் மறக்க முடியவில்லை.

கார்களில் இந்த வேறுபாடு இன்னும் துல்லியமாகத் தெரிகிறது. தெருவில் நிற்கும் காருக்கு நேரும் சேதத்தில் ஒரு பங்கு முகம் தெரியாத போக்கிரிகளால் வருவதில்லை, நிறுத்துமிடத் தகராறில் வருகிறது. பிலடெல்பியா வரிசை வீடுகளில் பலவற்றுக்குக் கார் கொட்டகை இல்லை. பனி கொட்டினால், தான் வாரித் துப்புரவாக்கிய இடத்தில் நாற்காலியையோ போக்குவரத்துக் கூம்பையோ வைத்துப் பிடித்துக்கொள்வார்கள். அது செல்லாது என்று போலீஸ் ஒவ்வொரு குளிர்காலத்திலும் அறிவிக்கிறது. நாற்காலியை நகர்த்திவிட்டு நிறுத்தியவரின் கார் மறுநாள் கீறலோடு நிற்கும். செய்தவர் எதிர்வீட்டுக்காரர், அவர் நல்ல மனிதர் என்று தெருவே சான்று சொல்லும். சுவர்ச்சித்திரமும் புல்தரையும் இதற்கு உதவாது, பிரம்பும் உதவாது. சிங்கப்பூரில் வீவக குடியிருப்பாளர் மாதச் சந்தா கட்டிப் பலமாடிக் கட்டடத்தில் நிறுத்துகிறார். இடம் பிடிக்கும் சண்டைக்கு அங்கே வாய்ப்புக் குறைவு. இதை எந்தச் சட்டப் புத்தகமும் குற்றத்தடுப்பு என்று எழுதவில்லை. நான் எழுதுவேன்.

பிலடெல்பியாவின் இன்னொரு முயற்சி 2011இல் நடைமுறைக்கு வந்த ஓர் ஆணை. ஆள் குடியிருக்கும் தெருவில் கைவிட்டுக் கிடக்கும் வீட்டின் திறப்புகளைப் பலகை அடித்து மூடினால் போதாது. உரிமையாளர் உண்மையான கதவும் உண்மையான சன்னலும் பொருத்த வேண்டும். தவறினால் ஒவ்வொரு திறப்புக்கும் நாளுக்கு 300 டாலர் அபராதம். பலகை அடித்த வீடு ‘இங்கே யாரும் இல்லை’ என்று தூரத்திலிருந்தே அறிவிக்கும். கண்ணாடிச் சன்னல் உள்ள வீட்டுக்குள் யார் இருக்கிறார் என்று வெளியே நிற்பவனுக்குத் தெரியாது. ஆணையைப் பின்பற்றிய வீடுகளைச் சுற்றித் தாக்குதல்களும் தொல்லைக் குற்றங்களும் குறைந்ததை 2015இல் வந்த ஆய்வு காட்டியது. உரிமையாளர்களில் மூன்றில் ஒரு பங்குகூடப் பணியவில்லை என்பதையும் அதே ஆய்வு காட்டியது. மற்ற வீடுகளுக்கு நகராட்சி இன்னும் நோட்டீஸ் அனுப்பி, முகவரி தேடி, வழக்குப் போட்டாக வேண்டும். தோ பாயோவில் ஒரு படிக்கட்டுச் சன்னல் உடைந்தால் நகர மன்றத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.